மெனுவைக் காதால் கட்டுவது எப்படி

ரங்கூனில் பயறு வியாபாரம் செய்கிற தமிழர் கடைகளுக்குக் கணக்கு ப்ரோக்ராம் எழுதிக் கொடுப்பது என் தொழில். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பைத்தானில் எழுதுகிறேன், என்விடிஏ என்ற திரைவாசிப்பான் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டுகிறது. நிரல் கற்றுக்கொள்ள வரும் பார்வையற்ற பிள்ளைகள் லூப், ஃபங்க்ஷன் எல்லாம் தாண்டி வந்துவிடுவார்கள். திரை அமைக்க வேண்டிய இடத்தில் நின்றுவிடுவார்கள். பொத்தானை எங்கே வைப்பது, எத்தனை பிக்சல் அகலம், என்ன நிறம்? பார்க்க முடியாத ஒன்றை எப்படி அடுக்குவது?

பொத்தானை அப்புறம் பார்ப்போம், முதலில் மெனுவைக் கட்டுங்கள் என்பேன். மெனுவில் இடம், அளவு, நிறம் எதையும் நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை; விண்டோஸ் பார்த்துக்கொள்ளும். உங்கள் கையில் இருப்பவை பெயரும் வரிசையும். இரண்டும் காதுக்கு எட்டுபவை. ஆகவே ஒரு நல்ல மெனுவைப் பார்வையுள்ளவரைவிட நாம் நன்றாகவே கட்டலாம். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. பார்க்கிறவர்கள் மெனுவை ஒரே பார்வையில் மேய்ந்துவிடுவதால், அதிலுள்ள குளறுபடி அவர்களுக்கு உறைப்பதில்லை. ஒவ்வொரு வரியாகக் கேட்கிற நமக்கு உறைக்கும்.

உதாரணத்துக்கு, பயின்நவுங் மொத்தச் சந்தையில் உளுந்தும் துவரையும் கைமாற்றுகிற ஒரு கடையின் ப்ரோக்ராமை எடுத்துக்கொள்கிறேன். பில் போட வேண்டும், சரக்கிருப்பு பார்க்க வேண்டும், யார் எவ்வளவு பாக்கி என்று தெரிய வேண்டும். எடையைப் பர்மிய அளவான வீசையிலும் சொல்ல வேண்டும், கிலோவிலும் சொல்ல வேண்டும். கல்லாவில் உட்காரும் பெண் பர்மியப் பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. முதலாளிக்குத் தமிழில் வேண்டும். பாக்கிக் கணக்கு எழுதுபவர் என்னைப் போலப் பார்வையில்லாதவர். மூன்று பேருக்கும் ஒரே மெனு.

எந்தக் கருவியில் எழுதுவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பைத்தான் என்றால், ஜன்னலும் மெனுவும் கட்ட உதவும் டபிள்யூஎக்ஸ்பைத்தான் நிரலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது விண்டோஸின் சொந்த மெனுவையே கூப்பிட்டுப் பயன்படுத்துகிறது. அந்த மெனுவுக்குத் திரைவாசிப்பானோடு பேசத் தெரியும், நீங்கள் ஒரு வரிகூடக் கூடுதலாக எழுத வேண்டாம். என்விடிஏ-வின் சொந்த அமைப்புப் பெட்டிகளே டபிள்யூஎக்ஸ்பைத்தானில் எழுதியவைதான். பைத்தானோடு இலவசமாக வரும் டிகே-வில் விண்டோஸ் மெனு பேசும். ஆனால் நாம் இன்று பரவலாகப் பயன்படுத்தும் டிகே 8.6-இல் மெனுவுக்குக் கீழே உள்ள பொத்தானும் எழுதும் பெட்டியும் தம் பெயரைச் சொல்லாது. கியூட்டி பரவாயில்லை, பேசும். ஜாவா ஸ்விங் என்றால், அதைத் திரைவாசிப்பானோடு இணைக்கும் ஆக்சஸ் பிரிட்ஜ் இயக்கப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு கணினியிலும் பார்க்க வேண்டும். கடைக்காரரிடம் போய் அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஒரு எச்சரிக்கை. டபிள்யூஎக்ஸ்-க்குள்ளேயே ஃப்ளாட்மெனு என்று ஒன்று உண்டு. பார்க்க அழகாக இருக்கும் என்பார்கள். அது விண்டோஸ் மெனு இல்லை. திரையில் தானே கோடு போட்டு வரைந்துகொள்வது. வரைந்த மெனுவை என்விடிஏ பார்ப்பதே இல்லை. நீங்கள் ஆல்ட் அழுத்துவீர்கள், அமைதிதான் பதில். இந்தக் கடையில் முன்பு ஓடிய ஒரு பில் ப்ரோக்ராமில் இதே கதை. எல்லாம் படமும் வண்ணமுமாக வரைந்த மெனு. கணக்கெழுதுபவர் பாக்கிப் பட்டியலைத் திறக்கவே பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

சரி, கட்ட ஆரம்பிப்போம். கோட் எழுதும் முன் மெனு முழுவதையும் ஒரு சாதா எழுத்துக் கோப்பில் எழுதுங்கள். நான் இப்படி எழுதுவேன்:

1 பில்
2 புதிது
2 பழையதைத் திற
2 அச்சிடு
2 ரத்து செய்
1 சரக்கு
2 வரவு
2 செலவு
2 இருப்புப் பட்டியல்
1 பாக்கி
2 வசூல் எழுது
2 ஆள்வாரிப் பட்டியல்
1 அமைப்பு
2 எடை
3 வீசை
3 கிலோ
2 மொழி

முன்னால் உள்ள எண் எந்த அடுக்கு என்பதைச் சொல்கிறது. இடைவெளி விட்டு உள்தள்ளினால் போதாதா என்று கேட்கலாம். என்விடிஏ-வின் ஆவண வடிவமைப்பு அமைப்புகளில் உள்தள்ளலைப் பேச்சாகவோ ஒலியாகவோ சொல்லச் செய்யும் வசதி உண்டு. பைத்தான் கோடு எழுதும்போது எனக்கு அந்த ஒலிதான் துணை. உள்ளே போகப் போகச் சுருதி ஏறும். ஆனால் மெனுவை மனதில் வாங்கிக்கொள்ள எண்தான் வசதி. "இரண்டு ரத்து செய், ஒன்று சரக்கு" என்று கேட்டதும் ஒரு மெனு முடிந்து அடுத்தது தொடங்கியது புரிந்துவிடும்.

இப்போது கோப்பைக் கீழ் அம்புக்குறியால் ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். வாசிப்பு வேகத்தை நீங்கள் வழக்கமாக வைக்கிற அளவுக்கே ஏற்றிக்கொண்டு, எண்ணுக்கு அடுத்த முதல் சொல் காதில் விழுந்ததும் அடுத்த அம்பை அழுத்திவிடுங்கள். திரைவாசிப்பான் பழகியவர்கள் யாரும் வரியை முழுக்கக் கேட்பதில்லை. முதல் சொல்லிலேயே இது நமக்கு வேண்டியதா இல்லையா என்று தெரிய வேண்டும். "புதிய பில்", "புதிய சரக்கு", "புதிய வாடிக்கையாளர்" என்று எழுதினால் மூன்று வரியிலும் காதில் விழுவது "புதிய", "புதிய", "புதிய". பார்க்கிறவருக்கு அது ஒழுங்கு, கேட்கிறவருக்குக் குழப்பம்.

தமிழில் வினை கடைசியில் வருவதால் நமக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. "வசூல் எழுது", "இருப்புப் பட்டியல்" என்று இயல்பாக எழுதினாலே பொருள் முன்னால் வந்து நிற்கும். ஆனால் மேல் மெனுவின் பெயரை உள்ளே திரும்பச் சொல்லாதீர்கள். பில் மெனுவுக்குள் நுழைந்தவருக்குப் "பில்லை அச்சிடு", "பில்லை ரத்து செய்" என்று சொல்லத் தேவையில்லை. "அச்சிடு" போதும். அதே நேரம் சுருக்குகிறேன் பேர்வழி என்று "செலவு" போன்ற இரண்டுக்கெட்டான் சொல்லை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. சரக்கு வெளியே போவதா, பணம் போவதா? என் கோப்பில் அது "செலவு" என்றே இருக்கிறது, ஏனென்றால் இந்தக் கடையில் எல்லோரும் சரக்குக்கு அப்படித்தான் சொல்கிறார்கள். உங்கள் கடையில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி வையுங்கள். அகராதி பார்த்து வைக்காதீர்கள்.

ஆழம் மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். அந்த மூன்றாவது அடுக்கும் எடை, மொழி போன்ற எப்போதாவது தொடுகிற விஷயத்துக்கு மட்டும். வாடிக்கையாளர் பெயர்களை மெனுவில் அடுக்குவது ஒரு கெட்ட பழக்கம். கடைக்கு ஆள் கூடக்கூட மெனு நீண்டுகொண்டே போகும். அதற்குத் தேடும் பெட்டியோடு ஒரு பட்டியல் ஜன்னல் திறக்கட்டும்.

அடுத்தது விசை. விண்டோஸில் ஆல்ட் அல்லது எஃப்10 அழுத்தினால் மெனுப் பட்டைக்குப் போகலாம். ஆல்ட்டோடு ஒரு எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் நேராக அந்த மெனு திறக்கும். டபிள்யூஎக்ஸ்-இல் பெயருக்குள் எந்த எழுத்துக்கு முன் ஆம்பர்சாண்ட் (&) குறி வைக்கிறீர்களோ அதுதான் அந்த எழுத்து. ஆங்கிலத்தில் சுலபம். தமிழில் சிக்கல் இரண்டு. ஒன்று, நம் பெயர்கள் பலவும் க, ச, ப, வ என்று சில எழுத்துகளிலேயே தொடங்கும். என் கோப்பிலேயே பாருங்கள், பில்லும் பாக்கியும் இரண்டுமே ப. யூனிகோடில் துணைக்கால், கொம்பு எல்லாம் தனிக் குறியீடுகள், ஆகவே இந்தக் கணக்கில் பி-யும் பா-வும் ப-தான். இரண்டு, கடையில் விசைப்பலகை பெரும்பாலும் ஆங்கிலத்திலோ பர்மியத்திலோ இருக்கும், தமிழில் இருக்காது.

ஜப்பானியர்களும் சீனர்களும் செய்வதை நானும் செய்கிறேன். பெயரை எழுதி, அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு ரோமன் எழுத்தை வைத்து, அதற்கு முன் அந்தக் குறியைப் போடுவது. பில்லுக்கு பி, சரக்குக்கு எஸ், பாக்கிக்கு கே. இதில் ஒரு தொந்தரவு உண்டு: என்விடிஏ பெயரோடு அந்த எழுத்தையும் வாசிக்கும், அப்புறம் ஆல்ட் விசையையும் ஒரு தரம் சொல்லும். அதனால் பட்டையில் இருக்கும் மேல் மெனுக்களுக்கு மட்டும் இதை வைக்கிறேன், உள்ளே வைப்பதில்லை. உள்ளே அம்புக்குறி போதும். மேலும் தனியாக எழுத்து ஒதுக்காத வரியை விண்டோஸ் அதன் முதல் எழுத்தாலேயே பிடித்துக்கொள்ளும், தமிழ் விசைப்பலகை வைத்திருப்பவருக்கு அது போதும். விசைப்பலகையைப் பர்மியத்துக்கு மாற்றிவைத்தும் ஒருமுறை எல்லா மெனுவையும் திறந்து பாருங்கள். அம்புக்குறி, என்டர், எஸ்கேப் இவற்றால் மட்டுமே எல்லா இடத்துக்கும் போய் வர முடிந்தால் பயமில்லை.

ஒரே மெனுவுக்குள் இரண்டு வரிக்கு ஒரே எழுத்து விழுந்துவிட்டால் என்ன ஆகும்? அந்த எழுத்தை அழுத்தினால் விண்டோஸ் எதையும் இயக்காது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். இதைத் தேடிப் பிடிக்க ஒரு சின்ன பைத்தான் நிரல் வைத்திருக்கிறேன். மேலே சொன்ன எழுத்துக் கோப்பைப் படித்து, ஒரே அடுக்கில் எழுத்து மோதினால் சொல்லும், இரண்டு வரி ஒரே சொல்லில் தொடங்கினால் அதையும் சொல்லும். இருபது வரிக்குள் எழுதிவிடலாம். அதே கோப்பிலிருந்தே மெனுவையும் கட்டச் செய்தால் இன்னும் நல்லது: பெயர் ஒரு இடத்தில்தான் இருக்கும், மாற்றுவதும் கேட்பதும் சுலபம்.

கண்ட்ரோல் சுருக்குவழிகளுக்கு வருவோம். டபிள்யூஎக்ஸ்-இல் பெயருக்குப் பின் ஒரு டேப் குறி, அப்புறம் கண்ட்ரோல், கூட்டல் குறி, என் என்று எழுதினாலே அந்த விசை வேலை செய்யும். அந்தப் பகுதியை மட்டும் ரோமன் எழுத்திலேயே விடுங்கள். தமிழ்ப்படுத்தினால் வெறும் அலங்காரமாகத் தொங்கும். டிகே-வில் எழுதுபவர்கள் கவனிக்க: அங்கே மெனுவில் எழுதுவது காட்சிக்கு மட்டுமே, விசையைத் தனியாகக் கட்ட வேண்டும். என்விடிஏ "கண்ட்ரோல் என்" என்று அழகாகச் சொல்லும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பார்வையற்றவருக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை.

எந்த விசையைத் தொடக் கூடாது? இன்சர்ட்டும் கேப்ஸ்லாக்கும் என்விடிஏ-வின் சொத்து. கண்ட்ரோல் தனியாக அழுத்தினால் பேச்சு நிற்கும், ஷிஃப்ட் தனியாக அழுத்தினால் இடைநிற்கும். கண்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி மூன்றும் சேர்ந்தால் அட்டவணைக்குள் நடப்பதற்கு. கண்ட்ரோல் ஆல்ட் என், என்விடிஏ-வையே எழுப்புகிற விசை. இவை போக மிச்சம் நிறைய இருக்கிறது. பில் கடையில் ஒரு நாளைக்கு நூறு தடவை தொடுகிற காரியங்களுக்கு மட்டும் விசை கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் யாருக்கும் நினைவில் நிற்காது.

தேர்வுக்குறி விழும் வரிகள்தான் பலர் கவனிக்காத இடம். எடை என்ற துணை மெனுவில் வீசை, கிலோ இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று. அதற்கு அப்பெண்ட் ரேடியோ ஐட்டம் என்ற அழைப்பு இருக்கிறது. அடுத்தடுத்து சேர்க்கும் ரேடியோ வரிகள் ஒரே குழுவாகிவிடும், நடுவில் பிரிகோடு வந்தால் குழு முடிந்துவிடும். வீசை தேர்வாகியிருந்தால் அந்த வரியில் அதை என்விடிஏ சொல்லும். ஆனால் தேர்வாகாத கிலோவில் எதுவுமே சொல்லாது! விண்டோஸின் சொந்த மெனுவில் தேர்வுக்குறி இல்லாத வரிக்கும் சாதா வரிக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அப்படியானால் "கிலோ" என்று கேட்பவர் அதை ஏதோ ஒரு கட்டளை என்று நினைப்பார். அதனால்தான் இரண்டையும் வெளியே விடாமல் "எடை" என்ற தலைப்புக்குள் வைத்தேன். எடை, துணைமெனு, வீசை, தேர்வானது, கீழே கிலோ. கேட்டதும் விளங்கிவிடுகிறது. தனியாக நிற்கும் ஆம்-இல்லை அமைப்புகளையும் இப்படி ஒரு தலைப்புக்குள் கூட்டிவிடுங்கள். ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. தவறான அளவில் ஒரு லாரி உளுந்து பில்லானால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: நிலையைக் குறியிலும் பெயரிலும் இரட்டையாக மாற்றாதீர்கள். "ஒலி" என்ற வரிக்குத் தேர்வுக்குறி வைக்கலாம். அல்லது "ஒலியை நிறுத்து", "ஒலியை இயக்கு" என்று பெயரை மாற்றலாம். இரண்டையும் செய்தால் "ஒலியை நிறுத்து, தேர்வானது" என்று வரும். இப்போது ஒலி இருக்கிறதா இல்லையா?

மங்கலாக்கிய வரிகளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. பிரின்டர் இல்லாதபோது "அச்சிடு" மங்கலாக வேண்டும் என்பது பொது வழக்கம். விண்டோஸ் மெனுவில் மங்கலான வரிக்கும் அம்புக்குறி போகும், கிடைக்காது என்று என்விடிஏ சொல்லும், அதுவரை நல்லதே. ஆனால் ஏன் கிடைக்காது? அதைச் சொல்ல மங்கலுக்கு வாய் இல்லை. பார்க்கிறவர் பிரின்டரின் விளக்கு அணைந்திருப்பதைத் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்வார். நான் அந்த வரியை இயங்கும்படியே விட்டு, என்டர் தட்டினால் "பிரின்டர் இணைக்கப்படவில்லை" என்று ஒரு பெட்டி வரச் செய்கிறேன். காரணம் பளிச்சென்று தெரிகிற இடத்தில், அதாவது பில் எதுவும் திறக்காதபோது "ரத்து செய்" மங்கலாக இருப்பது போன்ற இடங்களில், மங்கலாகவே விடலாம். அப்படிச் செய்வதாக இருந்தால் மெனு திறக்கும் தருணத்தில், ஈவிடி மெனு ஓப்பன் நிகழ்வில், நிலையைச் சரிபார்த்துவிடுங்கள். திறந்த பிறகு வரிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் கூடவே கூடாது, காலடியில் தரை நகர்வது போலிருக்கும்.

வலது கிளிக் மெனு. இங்கே கோட்டில் ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். பலர் ஈவிடி ரைட் டவுன் நிகழ்வைப் பிடித்து மெனுவைத் திறக்கிறார்கள், அது எலிக்கு மட்டும் வேலை செய்யும். ஈவிடி கான்டெக்ஸ்ட் மெனு நிகழ்வைப் பிடித்தால் வலது கிளிக், ஷிஃப்ட் எஃப்10, விசைப்பலகையின் மெனு விசை மூன்றுக்கும் பதில் சொல்லும். விசையால் வரும்போது அது தரும் இடம் இயல்புநிலை மதிப்பாக, கழித்தல் 1, கழித்தல் 1 என்று இருக்கும். அதை அப்படியே வைத்துக் கணக்குப் போடாமல், தேர்வாகியிருக்கும் பில் வரிக்குப் பக்கத்தில் மெனுவைத் திறந்துவிடுங்கள், பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு உதவும். 2024-க்குப் பின் வரும் சில மடிக்கணினிகளில் மெனு விசை இருந்த பக்கத்தில் கோபைலட் விசை உட்கார்ந்திருக்கிறது. ஷிஃப்ட் எஃப்10-ஐப் பழக்கிக்கொள்ளுங்கள். வலது கிளிக் மெனுவில் இருப்பது எல்லாம் மேல் மெனுவிலும் இருக்க வேண்டும் என்பது என் சட்டம்.

மெனு மூடிய பின் என்ன நடக்கிறது? பட்டியலில் ஒரு பில்லை ரத்து செய்கிறீர்கள், அந்த வரி மறைகிறது, அதோடு ஃபோகஸும், அதாவது விசை போய்ச் சேரும் இடமும், எங்கோ போய்விடுகிறது. அம்புக்குறி அழுத்தினால் சத்தமில்லை. ரத்து செய்யும் ஃபங்க்ஷனின் கடைசி வரியாக, அடுத்த பில்லைத் தேர்வாக்கிப் பட்டியலுக்கு ஃபோகஸைக் கொடுங்கள். என்விடிஏ அடுத்த பில்லின் பெயரை வாசிக்கும், அதுவே காரியம் முடிந்ததற்கு அடையாளம். கீழே நிலைப்பட்டையில் "ரத்தானது" என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நிலைப்பட்டையை யாரும் கேட்காமல் என்விடிஏ வாசிக்காது, இன்சர்ட்டும் என்ட் விசையும் சேர்த்து அழுத்தினால்தான் வாசிக்கும்.

பர்மாவில் இருப்பவர்களுக்கென்று ஒரு தலைவலி இருக்கிறது, எழுத்துரு. இந்த நாட்டில் பல வருடம் ஜாவ்ஜி என்ற எழுத்துமுறை ஓடியது. 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறச் சொன்னார்கள், ஆனால் பழைய சரக்குப் பட்டியல்களும் வாடிக்கையாளர் கோப்புகளும் இன்னும் ஜாவ்ஜியில் கிடக்கின்றன. பொருத்தமான எழுத்துரு இருந்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். உள்ளே எழுத்துகளின் வரிசை வேறு, ஆகவே திரைவாசிப்பான் உளறும். பக்கத்தில் உள்ளவர் "நல்லாத்தானே இருக்கு" என்பார். சண்டை போட்டுப் பயனில்லை. கோப்பை உள்ளே எடுக்கும்போதே மாற்றிவிடுங்கள். எது ஜாவ்ஜி என்று ஊகிக்க கூகுளின் மியான்மார் டூல்ஸ் என்ற இலவச நிரலகம் இருக்கிறது, மாற்ற ரேபிட் என்ற மாற்றி இருக்கிறது. சமீபத்தில் திறந்த கோப்புகள் என்று மெனுவில் பெயர் வரும் இடங்களில்தான் இந்த உளறல் முதலில் தெரியும்.

மொழி மெனுவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த எழுத்தில் வைப்பது நல்ல வழக்கம் என்று சொல்லித் தருகிறார்கள். விண்டோஸ் மெனு வரிக்கு இது இன்ன மொழி என்று குறிக்க வழி கிடையாது. தமிழ்க் குரலில் கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் பர்மிய எழுத்தில் உள்ள வரி பெயராக வந்து சேராது. தமிழ் மெனு ஓடும்போது "பர்மியம்" என்று தமிழில் எழுதி, பக்கத்தில் பர்மிய எழுத்திலும் எழுதிவிடுகிறேன். முதல் சொல் கேட்பவருக்கு, இரண்டாவது கல்லாப் பெண்ணுக்கு. பர்மிய மெனு ஓடும்போது தலைகீழ். மற்றபடி ஒரே மெனுவில் மொழிகளைக் கலக்க வேண்டாம்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. என்விடிஏ-வோடு வரும் ஈஸ்பீக் தமிழ் பேசும், பர்மியமும் பேசும். கரகரப்பு, ஆனால் வேகமாக ஓடவிட்டாலும் உடையாது. விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் கிடைக்கிறது, நிதானமாகக் கேட்க அது இனிமை. மெனுவை இரண்டிலும் கேளுங்கள். ஒன்றில் தெளிவாக இருக்கும் சொல் மற்றொன்றில் மங்கலாம்.

சோதிக்கும்போது என்விடிஏ-வின் கருவிகள் மெனுவில் உள்ள பேச்சுக் காட்டியைத் திறந்துவைத்தால், பேசுவது எல்லாம் எழுத்தாக ஒரு ஜன்னலில் ஓடும். உங்கள் மெனு எப்படிக் கேட்கிறது என்று பார்வையுள்ள ஒருவருக்குப் புரியவைக்க இதுதான் வழி. இன்சர்ட்டும் எஃப்1-உம் சேர்த்து அழுத்தினால் நீங்கள் நிற்கும் பொருளின் பெயர், வகை, நிலை எல்லாம் பதிவேட்டில் விரியும். பெயர் காலியாக இருந்தால் தப்பு உங்கள் கோட்டில்தான். விண்டோஸ் விசை, கண்ட்ரோல், என்டர் மூன்றும் சேர்ந்தால் விண்டோஸின் சொந்தத் திரைவாசிப்பானான நரேட்டர் வரும், அதிலும் ஒரு சுற்று. ஜாஸ் என்ற திரைவாசிப்பானை விலைக்கு வாங்க முடியாதவர்கள் அதன் சோதனை முறையில் 40 நிமிடம் ஓட்டலாம், அப்புறம் கணினியைத் திரும்பத் தொடங்க வேண்டும். மெனு சோதிக்க 40 நிமிடம் தாராளம். கரண்ட் போனால் நான் திரையின் வெளிச்சத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டுத் தொடர்கிறேன், பேட்டரி கூடுதல் நேரம் நிற்கிறது. ரங்கூன் கரண்டை நம்பி வேலை செய்பவர்களுக்கு நம்மிடம் உள்ள ஒரே பொறாமை இதுதான் என்று நினைக்கிறேன்.

பிரவுசரில் ஓடும் பக்கமாக இருந்தால் கதை வேறு. அங்கே இலவசமாக எதுவும் கிடைக்காது. வலைப்பக்கத்தில் எது என்ன என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ஆரியா விதிகளில் மெனுபார், மெனு, மெனுஐட்டம் என்று ரோல்கள் இருக்கின்றன. அவற்றை எழுதியதும் என்விடிஏ ஃபோகஸ் முறைக்கு மாறி, அம்புக்குறிகளை உங்கள் பக்கத்திடமே விட்டுவிடும். அதாவது கீழ் அம்பு, மேல் அம்பு, ஹோம், என்ட், எழுத்தைத் தட்டித் தாவுவது, எஸ்கேப் அழுத்தினால் மூடித் திறந்த பொத்தானுக்கே திரும்புவது, எல்லாம் நீங்கள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியாக வேண்டும். டேப் விசைக்கு மெனு முழுவதும் ஒரே நிறுத்தம்: நிற்கும் வரிக்கு டேப்இண்டெக்ஸ் 0, மற்றவற்றுக்குக் கழித்தல் 1. எழுதத் தயாராக இல்லையென்றால் அந்த ரோல்களைத் தொடவே வேண்டாம். முகப்பு, விலை, தொடர்பு என்று நான்கு இணைப்பு மட்டும் உள்ள பக்கத்துக்கு மெனு ரோல் எதற்கு? சாதாரணப் பட்டியலாக இணைப்புகளை வையுங்கள். மறைத்துத் திறக்க வேண்டுமென்றால் ஒரு பொத்தானும் ஆரியா எக்ஸ்பாண்டடும் போதும். பொத்தானுக்கு மூன்று கோடு படம் மட்டும் போடாமல் "மெனு" என்று பெயர் கொடுங்கள். பிரவுசரில் ஒரு லாபம் உண்டு: மெனுஐட்டம்செக்பாக்ஸ் ரோலில் தேர்வாகாத நிலையையும் திரைவாசிப்பான் வாய்விட்டுச் சொல்லும். ஒவ்வொரு வரிக்கும் அது எந்த மொழி என்று சொல்லும் லேங் குறிப்பும் கொடுக்கலாம், பர்மியப் பெயர் பர்மியக் குரலில் வரும்.

பயறு மண்டி முதலாளி முதன்முறை மெனுவைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒரு படம்கூட இல்லையே?" என்றார். "படம் வைக்கலாம் மாமா, பெயரை எடுக்காமல் வைக்கலாம்" என்றேன். டபிள்யூஎக்ஸ்-இல் வரிக்கு முன்னால் சின்னப் படம் சேர்க்க முடியும், பெயர் அப்படியே இருக்கும். மெனுவில் சேர்ப்பதற்கு முன்பே படத்தை வரியோடு இணைத்துவிட வேண்டும், பிறகு இணைத்தால் விண்டோஸில் சரியாக வராமல் போகலாம். படம் எப்படி இருக்கிறது என்று கல்லாப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன்.

கடைசியாக, புதிய பதிப்பு கொடுக்கும்போது மெனு வரிசையை மாற்றாதீர்கள். கணக்கெழுதுபவரின் விரல் "ஆல்ட் கே, கீழ் அம்பு, என்டர்" என்று ஓடிப் பழகியிருக்கும், அவர் கேட்பதற்குள் என்டர் விழுந்துவிடும். புது வரி வந்தால் அந்த மெனுவின் அடியில் சேருங்கள், எடுத்துவிட்ட வரியின் இடத்தில் ஆபத்தான கட்டளை எதுவும் ஏறி உட்காராமல் பாருங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதல் நாள் கடைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விசைகளை ஒருமுறை சேர்ந்து அழுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள்.